ஆடிட் அன்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தவர்

"சாப்பாடு தயார்" என்ற போர்டை நாங்கள் இன்னும் கழற்றவில்லை. கழற்ற ஆள் கூப்பிட்டால் செலவு, செலவுக்கு மேடத்தைக் கேட்க வேண்டும், மேடம் அதை எங்கே போய்க் கேட்பார் என்று யோசித்து யோசித்தே விட்டுவிட்டேன். அதனால் ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற லாரி டிரைவர்கள் இன்றும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வருகிறார்கள். நடுப்பகலில் வரிசையாகப் பாயில் தூங்குகிற ஆண்களைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மெஸ்ஸு இல்லியா இது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

முன்னால் மெஸ்தான். அது மூடிப்போன பிறகு ஒரு சின்ன டிரஸ்ட் வாடகைக்கு எடுத்து, வீடில்லாதவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போகிற இடமாக மாற்றியது. காலையில் திறப்போம், பொழுது சாயும்போது மூடுவோம். குளிக்கலாம், துணி துவைத்து மாடியில் காயப்போடலாம், போனுக்கு சார்ஜ் போடலாம். மத்தியானம் ஒரு சாப்பாடு. மற்ற நேரம் தூக்கம். டிரஸ்டை நடத்துகிற மேடம் சென்னையில் இருக்கிறார். இங்கே சமையல், சாவி, சண்டை விலக்கிவிடுவது எல்லாம் நான். எட்டாவது பாதியில் நின்றவளுக்கு இதற்கு முன் கிடைத்தது கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலைதான்.

மெஸ் காலத்தில் கை கழுவ வைத்த பேசின் வரிசை அப்படியே இருக்கிறது. அதன் முன்னால் ஆளுக்கொரு துண்டோடு நின்று ஷேவிங் செய்வார்கள். காலையில் அந்த வரிசையைப் பார்த்தால் எல்லாரும் ஏதோ வேலைக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரியே இருக்கும்.

"ராத்திரி படுக்கத்தான கஷ்டம்? பகல்ல எதுக்கு இடம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேலைக்குச் சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ராத்திரி பாலத்துக்கு அடியிலோ மூடின கடை வாசலிலோ எப்படியோ படுத்துவிடலாம். விடிந்ததும்தான் தொந்தரவு. ஒரு டீயை வாங்கிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் எவ்வளவு நேரம் இருப்பது? மரத்தடியில் உட்கார்ந்தால் கேட்டிலிருந்து செக்யூரிட்டி எழுந்து வருவார். கோயில் பக்கம் போனால் நடை சாத்தும்போது வெளியே போகச் சொல்வார்கள். வீடில்லாதவன் பகல் முழுக்க எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற மாதிரி நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நடையை நிறுத்தத்தான் எங்கள் இடம். இதைப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். பணம் தருகிறவர்களுக்குப் புரியவைக்க மேடம் என்ன பாடுபடுவார் என்று நினைத்துக்கொள்வேன்.

பணம் ஒரே ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. லாபத்தில் ஊருக்கென்று அவர்கள் ஒதுக்குகிற பணம். வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள், பிடித்தால் அடுத்த வருஷமும் உண்டு. அந்த மாதம் வந்துவிட்டால் எனக்கு ராத்திரியில் தூக்கம் இருக்காது. சாதாரணமாகவே நான் பயந்தாங்கொள்ளி. என் ஊர் வடக்குப்பட்டிலிருந்து பஸ் ஏறினால் பாதி வழியில் கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்துவிடும். இந்த வருஷம் மேடமே போனில் கொஞ்சம் மெதுவாகப் பேசினார்.

"ஸ்கூலுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம்னு ஒரு யோசனை இருக்காம் அவங்களுக்கு. நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்றாங்களாம். நீங்க பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் அதிகமாகும். பிள்ளைகளுக்கு போர்டு வேண்டாம் என்று யார் சொல்வது? இந்தப் பக்கம் படிக்கிற குழந்தை. அந்தப் பக்கம், குடித்துவிட்டுக் கிடக்கிறவன் என்று பெயர் வாங்கியவன். என் கையில் பணம் இருந்தாலும் குழந்தை பக்கம்தான் கை போகும். அப்படி நினைத்ததுமே அண்ணாச்சியின் கால் ஞாபகத்துக்கு வந்தது.

அண்ணாச்சி தென்காசிப் பக்கத்து ஆள். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கம்பெனிக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிற இடத்தில் கான்ட்ராக்டில் இருந்தார். இங்கே வேலையும் ரூமும் ஒன்றாகப் போகிறவை. ரூமை கான்ட்ராக்டரே கொடுத்திருப்பார், இல்லையென்றால் ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகை கட்டுவார்கள். ஷிஃப்ட் நின்றதும் படுக்கையும் நின்றுபோகும். ஊருக்குப் போகலாமே என்று கேட்டேன். "என்னத்தக் கொண்டுட்டுப் போவ? கையை வீசிட்டா?" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் அவரை, "கடையில்லாத அண்ணாச்சி, கால் கிலோ சர்க்கரை குடு" என்று கிண்டல் செய்வார்கள். "சர்க்கரையா? என் ஒடம்புல இருக்கு, வந்து எடுத்துக்கோ" என்பார்.

உடம்பிலிருந்த சர்க்கரைதான் இடது காலில் புண்ணாகியிருந்தது. தினமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றிக்கொண்டு எங்களிடம் வந்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருப்பார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த டாக்டரம்மா என்னை அவருடைய சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டு திட்டினார்.

"ரோட்ல நடந்துட்டே இருந்தா இந்தக் காலு தங்காதும்மா. ஈரம் படாம, தூக்கி வெச்சிருக்கணும். வீட்ல பாத்துக்க மாட்டீங்களா?"

பார்த்துக்கொள்கிறோம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பணம் நின்றால் கதவை மூடுவோம். மூடினால் இவர் நடப்பார். நடந்தால் கால் போகும். எங்கே ஆரம்பித்தாலும் என் கவலை அந்தக் காலில்தான் வந்து நின்றது.

கம்பெனியிலிருந்து ஆள் வருகிற செய்தியை மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.

"ஆடிட்டா?" என்று எழுந்து நின்றார் லைன் லீடர். வடகால்காரர். எப்போதோ ஒரு கம்பெனியில் லைனைப் பார்த்துக்கொண்டவர், எல்லாரும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குடியால் வேலை போய், வீட்டிலும் கதவு மூடி, எங்களிடம் வந்தவர். "அத்த ஏங்க்கா மொதல்லயே சொல்லல? ஆடிட்டுனா நமக்குத் தெரியாதா? எத்தினி பாத்துகீறோம்! நீ சாம்பார மட்டும் பாத்துக்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

இந்தப் பக்கம் கம்பெனி வாசலை மிதித்தவர்களுக்கெல்லாம் ஆடிட் என்றால் என்னவென்று தெரியும். சரக்கு வாங்குகிற பெரிய இடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள். அன்றைக்குத் தரை பளபளக்கும். உடைந்ததும் கோணியதும் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் போகும். எல்லாருக்கும் புது கையுறை. பதில் சொல்லத் தெரியாத ஆளுக்கு அன்று லீவு. வந்தவர் எதைக் கேட்டாலும், "எல்லாம் நல்லா இருக்கு சார், எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று சொல்ல வேண்டும். கேன்டீனில் இருந்தபோது எனக்குக்கூட அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவர்கள் வேலை செய்த வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதக்கணக்கில் வெறுமனே படுத்திருந்தவர்கள். எங்கிருந்தோ மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்து தரையில் கோடு போட்டார்கள். நடக்க ஒரு வழி, செருப்பு விட ஒரு கட்டம், குப்பைக்கூடைக்கு ஒரு கட்டம். என் சாம்பார் அண்டாவைச் சுற்றிக்கூட ஒரு கட்டம் போட்டு, "இத்த தாண்டி அண்டா வரக்கூடாதுக்கா" என்றார் லைன் லீடர். பாய், போர்வை, பைகள் எல்லாவற்றையும் பழைய பரோட்டா கல்லுக்குக் கீழே திணித்து, முன்னால் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற மாதிரி அத்தனை பேரும் சட்டையைத் துவைத்துப் போட்டார்கள்.

அண்ணாச்சி மட்டும் காலைத் தூக்கி வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லைன் லீடர் இரண்டு முறை அவர் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் அண்ணாச்சியே பேசினார்.

"ஏம்ப்பா மென்னு முழுங்குத? ரிஜெக்ட் பீஸை ஆடிட் அன்னைக்கு எவனாவது லைன்ல வப்பானா? நான் போயி பஸ் ஸ்டாப்புல இருந்துக்கிடுதேன். அவுக போனதும் ஒரு கொரல் குடுங்க, வந்துருதேன்."

"அதெல்லாம் வேணாம் அண்ணாச்சி, வெயில் அடிக்குது" என்றேன் நான்.

"சோறு போடுத எடம்க்கா. கட்டு நாத்தம் அடிக்கும். முகத்தச் சுளிச்சிட்டாவன்னா போச்சுல்லா?"

மறுபடி சொல்லித் தடுத்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னதும் சரி என்றுதான் எனக்கும் பட்டது. அங்கிருந்த யாருக்குமே அது தப்பென்று தோன்றவில்லை.

மறுநாள் பதினோரு மணி வாக்கில் கார் வந்தது. மேடம் இறங்கினார். கூட, கம்பெனியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் ஒரு இளம் பெண்ணும். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். எங்கள் ஆட்கள் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்று, "குட் மார்னிங் சார்" என்றார்கள். இது என்ன கூத்து என்கிற மாதிரி மேடம் என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண் லைன் லீடரிடம் கேட்டாள். "அண்ணா, ராத்திரி எங்க தங்குறீங்க?"

"எல்லா வசதியும் இருக்கு மேடம்."

"இல்லண்ணா, வீடு? வீட்டுக்கு எப்பப் போவீங்க?"

"எந்தப் பிரச்சினையும் இல்லை மேடம். எல்லாம் நல்லா இருக்கு."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று, "பாதுகாப்புக்கே முதலிடம் சார்" என்று சேர்த்துக்கொண்டார். மேடம் குறுக்கே புகுந்து விளக்கப் பார்த்தார். அவர் விளக்க விளக்க, எங்கள் ஆட்கள் இன்னும் நிமிர்ந்து நின்றார்கள்.

பெரியவர் பேசின் வரிசை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

"ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க மேடம். சந்தோஷம். ஆனா இவங்கல்லாம் வேலைக்குப் போற ஆளுங்க மாதிரிதானே இருக்காங்க? நாங்க நினைச்சது வேற. இப்ப வர்ற வழியில பஸ் ஸ்டாப்புல ஒருத்தரைப் பாத்தோம். கால்ல கட்டு. பாவம், வெயில்ல சுருண்டு உக்காந்திருக்கார். அந்த மாதிரி ஆளுங்களை நீங்க தேடிப் போய்க் கூட்டிட்டு வரணும். அப்பத்தானே இந்தப் பணத்துக்கு அர்த்தம்?"

லைன் லீடர் தான் போட்ட மஞ்சள் கோட்டையே பார்த்தார். மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது. எப்படித்தான் குரல் வந்ததோ தெரியவில்லை.

"சார், அவரு எங்க அண்ணாச்சி சார். தெனமும் இங்கதான் இருப்பாரு."

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வேலை போய்விடுமோ என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நீங்களே வந்து கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். பின்னால் எல்லாரும் வந்தார்கள். கார் டிரைவரும் வேடிக்கை பார்க்க வந்தார்.

பஸ் ஸ்டாப்பின் நிழல் நகர்ந்து போயிருந்தது. நகர்ந்து உட்கார அவரால் முடியவில்லை போல. நாங்கள் கூட்டமாக வருவதைப் பார்த்ததும் அண்ணாச்சி நிமிர்ந்து, லுங்கியை இழுத்துக் காலை மூடினார்.

"அண்ணாச்சி, இவங்க கேக்குறாங்க, சொல்லுங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா நீங்க?" என்றார் ரொம்ப மரியாதையாக.

அந்தப் பெண் குனிந்து, "ஐயா, நீங்க அந்த சென்டருக்கு வர்றவரா?" என்று கேட்டாள்.

"எந்த சென்டரு? நான் பஸ்ஸுக்கு நிக்கேன் தாயி. வீடு வாசல்லாம் இருக்கு."

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"தண்டலம்."

"இன்னா பெருசு, தண்டலம் போறதுக்கு இந்தப் பக்கம் குந்திக்கினுகீற?" என்றார் டிரைவர். "எதிர்ல போயி நிக்கணும்."

"போற பஸ்ஸு திரும்பி வரும்லா" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அடக்க முடியவில்லை. நடுரோட்டில் கத்தினேன். "அண்ணாச்சி! ஆடிட்டு முடிஞ்சிடுச்சு. போதும்!"

அவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு சொன்னார்.

"அவுக இன்னும் போவலையேக்கா?"

ஒரு கம்பெனி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பிறகு அந்தப் பெண் அவர் பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லைன் லீடர் வந்து, "எழுந்திரு அண்ணாச்சி, சொதப்பிட்டோம்" என்று அவரைத் தோளில் தாங்கிக்கொண்டார். திரும்பி வந்ததும் பரோட்டா கல்லுக்கு முன்னால் கட்டியிருந்த வேட்டியை லைன் லீடரே அவிழ்த்தார். பைகளும் போர்வைகளும் பொத்தென்று வெளியே விழுந்தன. பெரியவர் அவற்றை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பதில் வருகிறவரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கே நினைவில்லை. போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அதற்குள் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டை விரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். அன்றைய வெயிலில் உட்கார்ந்ததாலா என்று டாக்டரிடம் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது என்றார். எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. பாதம் தப்பியது. இனி படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கே படுப்பது என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பிறகு மேடம் கூப்பிட்டார். இன்னும் ஒரு வருஷத்துக்குப் பணம் வரும். அந்தப் பெண்தான் விடாமல் பேசியிருக்கிறாள். போனைக் காதில் வைத்தபடியே தரையில், அண்டாவின் மஞ்சள் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணு மட்டும்" என்றார் மேடம். "புதுசா வர்றவங்களை வந்த உடனே ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும். குளிக்கறதுக்கு முன்னாடி. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு. கம்பெனி போர்டுல இருக்கற பெரிய ஆளுங்களுக்குக் காட்டணுமாம்."

அவர்கள் மேலும் தப்பில்லை. சுத்தமாக நின்றோம், அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிகிற மாதிரி காட்டச் சொல்கிறார்கள்.

இப்போது அந்த வேலையும் எனக்குத்தான். சிலர் சிரிக்கிறார்கள், போட்டோ என்றால் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு. சிலர் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்பது இன்னொரு கவலை. அண்ணாச்சிக்கு வலி குறைந்துவிட்டது, வாய் கூடிவிட்டது. "ரிஜெக்ட் பீஸைத் தூக்கி ஷோகேஸ்ல வச்சிட்டாவளேக்கா" என்கிறார்.

இன்று காலையில் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வாசல்படியை விட்டு மேலே ஏறவில்லை. "குளிக்கலாம்னு சொன்னாங்க" என்றார். போன் என் இடுப்பில் இருந்தது. எடுக்கக் கை போயிற்று. அவர் தன் கையை மோந்து பார்த்துவிட்டு, பின்னால் மறைத்துக்கொண்டார். நான் சோப்பை எடுத்துக் கொடுத்து, பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினேன்.

தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி அடுப்படிக்குப் போனேன். ஒரு போட்டோ குறைந்தால் என்ன ஆகும்? கேட்பார்களா? கேட்டால் மேடம் என்ன சொல்வார்? சாம்பாருக்கு உப்பு போட்டேனா என்றே மறந்துவிட்டது. மத்தியானம் மேடத்திடமிருந்து போனில் "இன்றைய போட்டோ?" என்று கேள்வி வந்தது. வந்தவர் அதற்குள் தலைவாரி, துவைத்த லுங்கி கட்டி, மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலைத் தலையணையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"என் காலை எடுத்து அனுப்புக்கா. அதுதான இப்ப எல்லாத்துக்கும் சோறு போடுது."

"அது போன வாரம் புது ஆள் வராத அன்னைக்கே அனுப்பியாச்சு அண்ணாச்சி."

"அப்ப கட்டை மாத்திட்டு எடு. புதுசாத் தெரியும்."

சிரிக்கத்தான் சொன்னார். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. போனை அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டுகளைப் போட ஆரம்பித்தேன். சாயங்காலம் பூட்டுவதற்குள் ஏதாவது பதில் போட வேண்டும். என்ன போடுவது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.